நெஞ்சு உயரத்தில வெட்டின துண்டு

ஒவனுக்குள்ள வச்ச மரத்துண்டு காயக் காயப் பாரம் குறையணும். இதுக்கு ஒண்ணும் கெம்பஸ் படிச்சிட்டு வரத் தேவல்ல. ஆனா சாருஜா காலையிலேருந்து அந்த வட்டத் துண்டை கையுறை போட்டுத் தூக்கித் தூக்கித் தராசுல வைக்கிறா, அது ஒவ்வொரு தடவையும் முந்தினதை விடக் கொஞ்சம் கூடத்தான் காட்டுது.

மொதல்ல அவளுக்குத் தராசு மேலதான் கோவம் வந்துச்சி. அப்புறம் ரயில் மேல. ஒபிஸ் இருந்தது வெள்ளவத்தையில, கடல் பக்கம் எறங்குற ஒழுங்கையில, ஒரு வீட்டு மாடியில. ரயில் போறப்பெல்லாம் ஜன்னல் கண்ணாடி, மேசை மேல இருக்கிற கோப்பை, ஆணியில தொங்குற அளவு டேப் எல்லாம் சேந்து கிலுகிலுன்னு நடுங்கும். தராசு நம்பரும் சேந்து ஆடும். அதனால ரயில் போய் முடிஞ்சி, கண்ணாடி அடங்கி, கடல் சத்தம் மறுபடி கேக்கிற வரைக்கும் காத்திருந்து வச்சிப் பாத்தா. கூடத்தான் இருந்துச்சி. அப்புறம் கோவம் அவளோட பொஸ் புஷ்பராஜ் சேர் மேல திரும்புச்சி. அது மட்டும் அங்கயே நின்னுருச்சி.

போயா நாள், பௌர்ணமி லீவு. கீழ் வீட்டு ஆளுங்க பன்சலையில புத்தரைக் கும்புடப் போயிட்டாங்க, ஒழுங்கையில ஒரு பிஸ்கட்காரன் சத்தம்கூட இல்ல. சேர் காலையிலேயே போன்ல சொன்னாரு. "பிள்ளை, நாளைக்கு ஓடிட்டர் வாறார். இண்டைக்கு அந்தத் துண்டு காய்ஞ்சு முடிய வேணும். கரண்ட் போய் வந்தா ஒவன் தானா ஓஃப் ஆகீரும், தெரியும்தானே. அங்கால இங்கால போகாதீங்கோ. ஒவனுக்குப் பக்கத்திலயே நில்லுங்கோ."

"உக்காரலாமா சேர்?"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சி. கேக்கல.

வெள்ளை டைல் போட்ட ஒபிஸ். சேருக்கு அதுல சேறு பட்டாப் புடிக்காது, எல்லாரும் செருப்பைப் படிக்குக் கீழயே கழட்டிரணும். அவ வெறுங்காலோட ஒவனுக்குப் பக்கத்துல நின்னா. ஒவன் கதவுக்கு அடியில கொஞ்சம் ஈரம் கசிஞ்சிருந்துச்சி. தொடச்சா. மறுபடி கசிஞ்சிச்சி.

சாருஜாவோட கம்பனி காட்டை நிறுக்கிற கம்பனி. இறக்குவானைப் பக்கம், அவ பொறந்த தோட்டத்துக்கு மேல, மலை முழுக்கக் காடு. அந்தக் காட்டை வெட்டாம வச்சிருக்கோம்னு சொல்லி வெளிநாட்டுல காசு வாங்குறாங்க. காசு குடுக்கிறவன், காடு உறிஞ்சி வச்சிருக்கிற காபனைக் கணக்குப் பாக்க, காடு எவ்வளவு பாரம்னு கேப்பான். காட்டைத் தூக்கித் தராசுல வைக்க ஏலுமா? அதனால மேல பிளேன்ல போயி லேசரை மழை மாதிரிக் கொட்டுவாங்க. கீழ அங்கங்க வட்டம் போட்டு, வட்டத்துக்குள்ள நிக்கிற மரத்தை எல்லாம் ஆளுங்க நெஞ்சு உயரத்துல டேப்பால சுத்தி அளந்து, நம்பர் தகடு ஒண்ணை ஆணியால அடிப்பாங்க. வட்டத்து நடுவில ஸ்கேனரை வச்சிச் சுத்த விடுவாங்க. லேசர் பட்ட எடமெல்லாம் ஒரு புள்ளி. அந்தச் சின்ன வட்டத்தோட பாரத்தை வச்சித்தான் மலை முழுக்கக் கணக்குப் போடுறது. கணக்கு சரியான்னு பாக்க எப்பவாச்சும் ஒரு மரத்தை வெட்டி, துண்டு போட்டு, ஒவன்ல காய வச்சி, பாரம் இனிமே குறையாதுங்கிற வரைக்கும் நிறுப்பாங்க.

இந்தத் துண்டு அப்படி வந்ததுதான். முந்தாநேத்து சாக்குல கட்டி லொறியில வந்துச்சி. நெஞ்சு உயரத்துல வெட்டின துண்டு மட்டும் ஒவனுக்குள்ள. மிச்சத் துண்டெல்லாம் நடையில வரிசையா சாக்குக்குள்ள, கழுத்துல கயிறு போட்டு இறுக்கிக் கட்டி. அதுகளைத் தொடக் கூடாதுன்னு சேர் சொல்லியிருந்தாரு.

ஒவன்ல மரம் காயும்போது மர ஆலைக்குப் பக்கத்துல நிக்கிற மாதிரி ஒரு மணம் வரும். அவளுக்குப் புடிச்ச மணம் அது. இண்டைக்கு அது வரல. சவுக்காரமும் உப்பும் சேந்த மணம் வந்துச்சி. கீழ யாரோ உடுப்பு ஊற வச்சிருக்காங்கன்னு நெனச்சா. அப்புறம் கீழ யாரும் இல்லைங்கிறது ஞாபகம் வந்துச்சி.

சவுக்காரத்தையும் உப்பையும் கொழச்சிக் கால்ல பூசுறது அட்டை கடிக்காம இருக்க. அவ அண்ணன் யோகராஜ் காட்டுக்குப் போறப்பெல்லாம் பூசுவான், மொழங்கால் வரைக்கும். அவனும் இதே கம்பனியிலதான் வேலை செஞ்சான், மரம் அளக்கிற வேலை. "எங்க தங்கச்சி கொம்பியூட்டர் படிச்சிருக்கு சேர்"னு சொல்லி இவளை வேலையில சேத்துவிட்டதும் அவன்தான். போன வருசம் மழைக்காலத்துல காட்டுக்குப் போனவன் திரும்பி வரல. "வேற நல்ல வேலை கிடைச்சுப் போயிட்டான் போல, எனக்கும் சொல்லேல்ல"ன்னாரு சேர். பொலிஸ்ல சேர் சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டாங்க. தோட்டத்து ஆளுங்க சொல்றதை யாரு எழுதுவா? சாருஜா வேலையை விடல. இந்த ஒபிஸை விட்டுப் போனா அண்ணனைப் பத்திக் கேக்கிறதுக்கு அவளுக்கு வேற வாசலே இல்ல. அந்தக் கோவத்தைத் தெனமும் வெள்ளை டைல்ல வெறுங்காலோட நடந்து நடந்து மென்னு முழுங்கினா.

ஒவன் உறுமிக்கிட்டே இருந்துச்சி. உள்ள ஏதோ டக்குன்னு வெடிக்கும், காயிற மரம் வெடிக்கிற சத்தம். ஆனா அது அப்புறமும் மெதுவா இழுத்து இழுத்துச் சத்தம் போட்டுச்சி. மூச்சு வாங்குற மாதிரின்னு நெனைக்கவே கூடாதுன்னு அவ ரேடியோவைப் போட்டா. பன்சலையில பிரித் ஓதுற சத்தம் வந்துச்சி. அது இன்னும் பயமா இருந்துச்சி. நிப்பாட்டிட்டா.

மத்தியானம் படியில தடதடன்னு சத்தம். ஷிம்னா. பாமன்கடையில வீடு, ஒபிஸ்ல சாருஜாவுக்கு அடுத்த மேசை, வாய் மூடவே மூடாது.

"உம்மா உனக்கும் சேத்துச் சோறு கட்டித் தந்த. இந்தா. அல்லாஹ், என்னடி இந்த மணம்? மரம் காய வைக்கச் சொன்னா உடுப்புத் தொவைக்கிறியா?"

"உனக்கும் வருதா?"

"மூக்கு ஈக்கிதானே எனக்கும்." ஷிம்னா குனிஞ்சி ஒவன் கண்ணாடி வழியாப் பாத்தா. "இதா அந்த மரம்? ஓடிட்டர் சண்டை புடிச்ச மரம்?"

"என்ன சண்டை?"

"உனக்குச் சொல்லல்லையா? போன வருசத்து ஸ்கேன்ல மெலிஞ்சு போன ஒரு மரம், இந்த வருசம் பாத்தா ரெண்டு மடங்கு. ஒரு வருசத்துல அப்புடி வளர அது என்ன, புரியாணி திண்டு வளந்த மரமா? ஓடிட்டர் நம்பல்ல. வெட்டி நிறுத்துக் காட்டுங்கண்டு சொன்ன. சேர் வேணாம் வேணாமெண்டு தலைகீழா நிண்ட. கடைசியா வெட்டத்தான் வந்திச்சி." அவ சோத்துப் பார்சலை மேசையில வச்சிட்டுத் திரும்புனா. "நீ ஏன் உக்காரல்ல? மரம் மாதிரி நிக்கிற."

"சேர் இங்கயே நிக்கச் சொன்னாரு."

"சொன்னா? அவரு கடல்ல குதிக்கச் சொன்னா குதிப்பியா?" ஷிம்னா சிரிச்சா. சாருஜாவுக்குச் சிரிப்பு வரல. காலைப் பாத்தா. டைல் ஈரத்துல பாதம் ஒட்டியிருந்துச்சி. தூக்குறப்போ பிளாஸ்டர் கழட்டுற மாதிரி ஒரு சின்ன சத்தம்.

"அந்த மரத்தோட ஸ்கேனைப் பாக்கணும் ஷிம்னா. அந்த போல்டர் எனக்குத் தொறக்காது."

"என்ட பாஸ்வேட்ல பாரு. என்ட பூனைட பேரு. சேர்கிட்ட சொன்னியோ, நான் செத்த."

வாப்பா கீழ முச்சக்கரவண்டியில காத்திட்டு இருக்காருன்னு ஷிம்னா போயிட்டா. முச்சக்கரவண்டிச் சத்தம் ஒழுங்கை முனை வரைக்கும் போய்க் கரைஞ்சிச்சி. அதுக்கப்புறம் கடலும் ஒவனும் மட்டும்.

சோத்துப் பார்சலைத் தொறக்கிறதுக்குள்ள அம்மா மயிலம்மா போன்ல கூப்பிட்டாங்க. அவங்களுக்குப் போன்ல பேசுறதுன்னா கத்தணும்.

"சாப்பிட்டியா புள்ள?"

"சாப்பிட போறேன்மா."

"லீவு நாள்ல என்னா வேல? ஒக்காந்திருக்கியா நிக்கிறியா?"

"நிக்கிறேன்."

"ஒக்காரு. காலு மரத்துப் போவும்." அம்மா குரலைத் தாழ்த்தினாங்க. "அந்த சேர்கிட்ட கேட்டியா? அண்ணனைப் பத்தி?"

"கேட்டேன்மா. சொல்ல மாட்டேங்கிறாரு."

"மறுபடி கேளு. உசிரோட இருந்தாலும் சரி, எப்பிடி இருந்தாலும் சரி. அவனை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திரு. கைகால் மொடமாகி இருந்தாலும் பரவால்ல, எரிச்ச சாம்பலா இருந்தாலும் பரவால்ல. என்னால இப்பிடி இருக்க ஏலாது புள்ள."

"கூட்டிட்டு வாறேன்மா." அவ எத்தனையோ தடவை சொன்ன சொல்லு. இண்டைக்குச் சொன்னப்போ ஒவனுக்குள்ள டக்குன்னு வெடிச்சிச்சி.

அவ மேசைக்கு நடந்தா. ரெண்டு எட்டு எடுத்து வைக்கவே காலு கனத்துச்சி. ஷிம்னாவோட பூனை பேரைப் போட்டா. திறந்துச்சி. ஸ்கேன் முழுசா ஏறி முடியவே பின்னேரமாகிப் போச்சி.

கறுப்புத் திரை. அதுல கோடிக்கணக்கான வெள்ளைப் புள்ளி, பனி உறைஞ்சி நின்ன மாதிரி ஒரு காடு. இலையெல்லாம் புகை, மரமெல்லாம் குழாய். அவ மவுஸால நெஞ்சு உயரத்துல ஒரு கீத்து மட்டும் வெட்டி மேலேருந்து பாத்தா. இது அவளுக்குத் தெரிஞ்ச வேலை. மேலேருந்து பாத்தா மரமெல்லாம் வளையல் மாதிரித் தெரியும், சின்ன வளையல், பெரிய வளையல். போன வருசத்து ஸ்கேன்ல ஒண்ணு மட்டும் வளையலா இல்ல. தட்டையா, நீட்டமா, ஒரு அவரைக்கொட்டை மாதிரி இருந்துச்சி. மெஷினுக்கு அது ஒண்ணும் கவலையில்ல. அது வளையல் ஒண்ணைப் போட்டு, மரம்னு நம்பர் குடுத்திருந்துச்சி.

ஸ்கேனர் சுத்துறப்போ வட்டத்துக்குள்ள ஆள் நிக்கக் கூடாது. நின்னா மெஷின் ஆளையும் மரம்னு எண்ணிப்புடும். அந்த வழுக்குற சரிவுல ஒவ்வொரு தடவையும் வெளியில ஏறி எறங்க ஏலாதுன்னு, பொடியனுங்க ஆளுக்கொரு மரத்துக்குப் பின்னாடி நின்னுக்குவாங்க. லேசர் மரத்துல பட்டு நின்னுரும், பின்னாடி நிக்கிறவன் நிழல்ல மறைஞ்சிருவான். அசையாம நிக்கணும், அவ்வளவுதான். "நிழல்ல நின்னா நான் கணக்குலயே இல்ல தெரியுமா"ன்னு யோகராஜ் வீட்டுல சொல்லிச் சிரிப்பான்.

அவ அந்த அவரைக்கொட்டையைச் சாய்ச்சி, பக்கத்திலேருந்து பாத்தா.

தோள் இருந்துச்சி.

தோளுக்கு மேல குனிஞ்ச தலை. ரெண்டு கை உடம்போட ஒட்டி. மழைத்துளி பட்டுச் சிதறுன புள்ளி சுத்திவர. நெஞ்சுக்குக் கீழ, சட்டைக்கு நடுவுல, ஒரே ஒரு புள்ளி மட்டும் நெருப்பு மாதிரிப் பளிச்சுன்னு. இரும்பு பட்டா லேசர் அப்படித்தான் திரும்பி வரும்.

ஊக்கு.

நெஞ்சு உயரம்னு சொன்னாலும் அளவு எல்லாருக்கும் ஒண்ணுதான், தரையிலேருந்து ஒரு மீட்டருக்கு மேல இவ்வளவுன்னு. ஆளாளுக்கு நெஞ்சு வேற வேற எடத்துல இருக்குமே. அதனால யோகராஜ் வீட்டிலேயே கம்பால அளந்து, சட்டையில அந்த உயரத்துல ஒரு ஊக்குக் குத்திக்குவான். மரத்தோட ஒட்டி நின்னா ஊக்கு எங்க இருக்கோ அங்க டேப். நெட்டையன். ஊக்கு அவனுக்கு வயித்துப் பக்கத்துல வரும். "இது நெஞ்சு இல்லண்ணே, தொப்புள் உயரம்"னு இவ கிண்டல் பண்ணுவா.

மவுஸை இறுக்கிப் புடிச்சா. பயத்துல இல்ல. அப்படித்தான் அவ நெனச்சா. ஒரு வருசமா இந்த மனுசன் இதைப் பூட்டி வச்சிருக்கான். பொலிஸ்கிட்ட, வேற வேலைக்குப் போயிட்டான்னு சொன்னான். அம்மா ஒவ்வொரு பஸ்ஸா எட்டிப் பாத்துக்கிட்டு இருந்த நேரத்துல, இவன் அண்ணனுக்கு நம்பர் போட்டு, மரம்னு வித்திருக்கான்.

இந்த வருசத்து ஸ்கேனைத் திறந்தா. அதே எடம். அதே குனிவு. ஆனா தடிச்சிருந்துச்சி. அவரைக்கொட்டை உருண்டு வளையலாகிட்டு வந்துச்சி. தலை மேல போயிருந்துச்சி, ரொம்ப மேல, இலைப் புகைக்குள்ள. கை ரெண்டும் தூக்கி இருந்துச்சி. விரல் விரலாப் பிரிஞ்சி, ஒவ்வொரு விரலும் மறுபடி பிரிஞ்சி.

அந்தப் பளிச்சுன்ன புள்ளி? தேடினா. இருந்துச்சி. அதே உயரத்துல. ஒரு விரக்கடை கூடல, கொறையல.

மனுசன் வளந்தா சட்டை ஊக்கு மேல போகும். மரம் அப்படியில்ல. மரம் நுனியில வளரும். இண்டைக்கு ஒரு மரத்துல ஆணி அடிச்சா, நூறு வருசம் ஆனாலும் அந்த ஆணி அதே உயரத்துலதான் நிக்கும். தடிப்பு மட்டும் கூடிக் கூடி, தோல் வந்து ஆணியை மூடும்.

அவ சேருக்குப் போன் எடுத்தா.

"எங்கண்ணனை என்னா சேர் செஞ்சீங்க?"

அந்தப் பக்கம் டெலிவிஷன் சத்தம் நின்னுச்சி. "பிள்ளை, என்ன கதைக்கிறீங்கள்?"

"ஸ்கேனைப் பாத்துட்டேன். ரெண்டையும் பாத்துட்டேன். ஊக்கையும் பாத்துட்டேன். எங்கண்ணனைத் துண்டு போட்டு எனக்கே காய வைக்கத் தந்திருக்கீங்க. அடுப்புல வச்சிட்டுப் பக்கத்துல நில்லுன்னு வேற சொல்றீங்க!"

"கத்தாதீங்கோ. நான் இப்ப வாறன். ஒருத்தருக்கும் கோல் எடுக்காதீங்கோ. ஒவனை ஓஃப் பண்ணாதீங்கோ. நிண்ட இடத்திலயே நில்லுங்கோ. அசையாதீங்கோ."

வச்சிட்டாரு. அவ போனை மேசையில அடிச்ச மாதிரி வச்சா. அசையாதேன்னு சொல்ல நீ யாரு. ஒவனுக்குப் போனா, சுவிட்சை நிப்பாட்டப் போனா, கை வைக்கிறதுக்குள்ள கரண்ட் போயிருச்சி.

மழை. நாலு பக்கமும் ஒரேயடியா இருட்டிக்கிட்டு வந்த கடல் மழை. தூரத்துப் பள்ளிவாசல்ல பொழுது சாயிற மஹ்ரிபுக்குப் பாங்கு சொல்றது மழைக்குள்ள பிச்சிப் பிச்சிக் கேட்டுச்சி. ஒவன் உறுமல் நின்னு போச்சி. காத்தாடி நின்னு போச்சி.

டக்குன்னு ஒரு சத்தம். அப்புறம் இழுப்பு.

அவ கதவைத் தொறந்தா. சூடு மூஞ்சில அடிக்கும்னு ஒதுங்குனா. அடிக்கல. உள்ளேருந்து வந்தது காய்ச்சக்காரன் மேலேருந்து வர்ற சூடு. கையுறை போடாமலேயே, வெளிச்சத்துக்குப் போன் எடுக்க மேசைக்குப் போகவும் மனசில்லாம, ஜன்னல் வெளிச்சத்துல துண்டைத் தடவிப் பாத்தா. பட்டை வழுவழுன்னு ஈரமா இருந்துச்சி. காலையில வெறும் வெடிப்புன்னு விட்ட எடத்துல பட்டை கட்டம் கட்டமா இருந்துச்சி, சறத்துணி மாதிரி, சட்டை மாதிரி. அந்தக் கட்டத்துக்கு நடுவுல ஒரு மடிப்பு. மடிப்புக்குள்ள பாதி முழுங்கின ஊக்கு.

"அண்ணே."

துண்டு சுடுது. ஈரம் அவ விரல் வழியா வழிஞ்சி, ஒவன் விளிம்புல சொட்டி, அவ பாதத்துல விழுந்துச்சி. இருட்டுல கறுப்பாத் தெரிஞ்சிச்சி. ஒட்டுச்சி.

படியில காலடி. டோர்ச் வெளிச்சம் மொதல்ல வந்துச்சி, அப்புறம் புஷ்பராஜ் சேர். மழையில நனைஞ்சிருந்தாரு. அந்த நேரத்துலயும் செருப்பைக் கீழ கழட்டி வச்சிட்டு வெறுங்காலோடதான் வந்தாரு.

"பிள்ளை. கதவை மூடுங்கோ."

"சொல்லுங்க."

"என்னத்தை?"

"அண்டைக்கு நடந்ததை."

டோர்ச் வெளிச்சம் தரையில வழிஞ்ச ஈரத்துல நின்னுச்சி. சிவப்பு. அவரு அதைப் பாத்துட்டு வெளிச்சத்தை நகத்தினாரு.

"அவன் அசைஞ்சுகொண்டே இருந்தவன்," அப்படின்னாரு. "ரெண்டு தரம் ஸ்கேன் பழுதாப் போச்சு. அட்டை கடிக்குதாம், மழை வருதாம். எனக்கு விசர் வந்திட்டுது. நான் சொல்ற வரைக்கும் அசையாம நில்லெண்டு கத்தினனான். மரத்து நிழலை விட்டு வெளியில வந்த இடத்திலயே நிண்டான். பிறகு மழை கொட்டத் தொடங்கீற்று. மெஷின் நனைஞ்சா போச்சுதானே. தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினம். மற்றப் பெடியளும் ஓடி வந்திட்டாங்கள்."

"அவன்?"

"வருவான் எண்டு நினைச்சன்."

"வான்னு சொன்னீங்களா?"

அவரு டோர்ச்சைக் கை மாத்தினாரு.

"சேர். அவனை வான்னு சொன்னீங்களா?"

"சொல்லேல்ல." அவரு குரல் ஒடைஞ்சிச்சி, ஒடனே மறுபடி நிமிந்துச்சி. "விடிய நாங்கள் போனம். ஏன் போகேல்ல? போய்க் கூப்பிட்டம். அங்க ஒருத்தரும் இல்லை. அவன் நிண்ட இடத்தில ஒரு மரம்தான் நிண்டது. நம்பர் தகடு இல்லாத மரம். நான் பொய் சொல்லேல்ல பிள்ளை."

"மரம்னு தெரிஞ்சப்புறம் என்னா செஞ்சீங்க?"

"ஸ்கேன்ல ஏற்கெனவே எண்ணுப்பட்டிட்டுது. கணக்கு ஒத்து வர வேணும்தானே. தகடு ஒண்டு அடிச்சம்."

"யாரு அடிச்சது?"

"நான்தான்."

"ஆணி எறங்குறப்போ என்னா வந்துச்சி?"

"காட்டில சிவப்புப் பால் வடிக்கிற மரம் இருக்குத்தானே," அப்படின்னாரு சேர். "எத்தனையோ இருக்கு."

ஒரு வருசம். மழையில. ராவுல. அட்டை ஏற ஏற. வான்னு ஒரு சொல்லுக்காக நின்னிருக்கான். அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டியவன் சுத்தியலோட வந்திருக்கான். அப்புறம் மரம் அறுக்கிற வாளோட.

"கிட்ட வாங்க. தொட்டுப் பாருங்க."

"விசர்க் கதை கதைக்காதீங்கோ. நாளைக்கு ஓடிட்டர் வந்து—"

"தொடுங்க சேர்!"

அவ கத்துன கத்துல அவரு ஒரு எட்டு முன்னால வந்துட்டாரு. ஈரத்துல கால் வச்சாரு. கையை நீட்டி, ரெண்டு விரலால, தீட்டைத் தொடுற மாதிரித் துண்டைத் தொட்டாரு. தொட்டதும் மூஞ்சி மாறிச்சி. கையை இழுக்கப் பாத்தாரு.

"நான் சொல்ற வரைக்கும்," சாருஜா சொன்னா, "அசையாம நில்லுங்க."

அவரு சிரிக்கப் பாத்தாரு. பாதிச் சிரிப்பு. அதோட நின்னுச்சி.

டோர்ச் கையிலேருந்து விழுந்து உருண்டுச்சி. வெளிச்சம் அவரு காலுக்குக் கீழ வந்து நின்னுச்சி. விரலெல்லாம் விரிஞ்சிருந்துச்சி. நீண்டிருந்துச்சி. டைலும் டைலும் சேர்ற இடுக்குல, வெள்ளைச் சீமெந்துக் கோட்டுல, எறங்கிக்கிட்டு இருந்துச்சி.

"பிள்ளை," அப்படின்னாரு. வாய் அசையல. சத்தம் மட்டும். "வா எண்டு சொல்லுங்கோ."

சொல்லல.

தகடும் ஆணியும் வச்சிருக்கிற டப்பா ஒவனுக்குப் பக்கத்துத் தட்டுல இருந்துச்சி. சுத்தியலும் அங்கதான். எட்டுற தூரம். ஒரு தகடு எடுத்தா. அவரு நனைஞ்ச சட்டையில கை வச்சி, நெஞ்சு உயரம் எதுன்னு பாத்தா. அண்ணன் ஊக்கு இருந்த உயரம் அவளுக்கு மனப்பாடம். ஆணியை வச்சா.

மொதல் அடி. அண்ணனுக்கு.

ரெண்டாவது. அம்மா எட்டிப் பாத்த பஸ்ஸுக்கெல்லாம்.

சத்தம் மரத்துல அடிக்கிற சத்தம்தான். பச்சை மரத்துல. ஆணியைச் சுத்தி மெதுவாச் சிவப்பு வந்து, தகட்டு ஓரத்துல தேங்கி, வடிஞ்சிச்சி.

கரண்ட் வந்துச்சி. லைட்டெல்லாம் எரிஞ்சிச்சி. காத்தாடி சுத்துச்சி. ஒவன் மட்டும் வரல. அவரு கண்ணு தொறந்திருந்துச்சி, அதுல இன்னும் ஆள் இருந்தாரு. உதட்டு மேல பட்டை மாதிரி ஏதோ காஞ்சி வந்துச்சி.

அவ சுத்தியலைக் கீழ போட்டா. நடையைப் பாத்தா. வரிசையா சாக்கு. அடி, இடுப்பு, தோள். கடைசிச் சாக்கு உருண்டையா, கழுத்துல கயிறு இறுக்கி. எல்லாத்தையும் ஏத்திரணும். வேன் ஒண்ணு புடிச்சி இண்டைக்கே ஏத்திரணும். இறக்குவானைக்கு. வீட்டுக்கு.

மேசையில போன் அடிச்சிச்சி. வெளிச்சத்துல பேரு தெரிஞ்சிச்சி. அம்மா.

"வாறேன்மா," அப்படின்னா. சத்தமாவே சொன்னா. "அண்ணனைக் கூட்டிட்டு வாறேன்."

திரும்புனா. இடுப்பு வரைக்கும் திரும்புச்சி.

கீழ பாத்தா. சிவப்பு காஞ்சி அவ பாதத்தை மூடியிருந்துச்சி, மினுமினுன்னு, கட்டம் கட்டமா. விரல் தெரியல. டைல் இடுக்கு மட்டும் லேசா வெடிச்சிருந்துச்சி.

அசையாதீங்கோன்னு சொன்ன ஒரே ஆள், இனி வான்னு சொல்லி விட ஏலுற ஒரே ஆள், முன்னால நிக்கிறாரு. அவரு உதடு மூடிப் போச்சி.

போன் அடிச்சி நின்னுச்சி. மறுபடி அடிச்சிச்சி. கையை நீட்டுனா. விரலை நீட்டுனா. விரல் நீண்டுச்சி.

மருதானைப் பக்கத்திலேருந்து ரயில் வந்துச்சி. ஜன்னல் கண்ணாடி நடுங்குச்சி. கோப்பை நடுங்குச்சி. ஆணியில தொங்குன டேப் நடுங்குச்சி. போன் அம்மா பேரோட மேசை விளிம்பு வரைக்கும் நடுங்கி நடுங்கி நகந்து வந்துச்சி. நடையில சாக்குங்க ஒண்ணோட ஒண்ணு உரசுச்சி. அந்த ஒபிஸ்ல எல்லாமே ஆடுச்சி.

அவங்க ரெண்டு பேரைத் தவிர.